நாற்பத்தொரு நாள் நம் பாப்பா என்னோடு இல்லை

என் வசந்திக்கு,

பாப்பா சாப்பிட்டுவிட்டாள். இரண்டு தோசை, சீனி தொட்டு. சட்னியை இன்னும் தொடுவதில்லை. இதை முதலில் சொன்னால்தான் மற்றதை நீ காது கொடுத்துக் கேட்பாய்.

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. பாப்பாவுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. போன வாரம் அவளுடைய புதிய பிறப்புப் பத்திரம் கைக்கு வந்தது. சட்டப்படி இனி அவள் என் மகள். நல்ல செய்திதான். ஆனால் நடுவில் நாற்பத்தொரு நாள் அவள் என்னோடு இல்லை. யாரும் அவளைப் பிடுங்கிக்கொண்டு போகவில்லை, நானே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். அதை உன்னிடம் சொல்லாமல் அந்தப் பத்திரத்தை உன் படத்துக்கு முன்னால் வைக்க மனம் வரவில்லை.

நீ விழுந்த அன்றைக்கு எனக்குப் பகல் ஷிப்ட். நீயும் பாப்பாவும் வழக்கம்போல் ஒன்றாகத்தான் தாஸ்காவுக்குப் போனீர்கள். அங்கே நீ பதினைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற டீச்சர், அவர்களில் ஒருத்தி உன் மகள். மத்தியானம் பிள்ளைகளைத் தூங்கப் போடும்போது தலை வலிக்கிறது என்று சொன்னாயாம். ஒரு பையனுக்குப் போர்த்திவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டாயாம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். மூன்று நாள் இருந்தாய். நான் வந்தது உனக்குத் தெரிந்ததா?

காரியம் முடியும் வரை நான் அழவில்லை. எல்லாரும் தைரியசாலி என்றார்கள். தைரியம் ஒன்றும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கொடுத்ததைச் சாப்பிட்டேன். பாப்பா கையை நீட்டினால் தூக்கினேன், நீட்டாவிட்டால் தூக்கவில்லை.

பாப்பாவுக்காக நம் கையில் இருந்தது நலத்துறையின் கடிதம் ஒன்றுதான், உனக்கு ஞாபகம் இருக்கும். கோத்தா திங்கிப் பக்கம் எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் பெற்று, வளர்க்க முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பிள்ளை. பதினோரு வருடம் காத்திருந்த நம்மிடம் பத்து மாதக் குழந்தையாக வந்தாள். இரண்டு வருடம் இருவரும் சேர்ந்து நன்றாக வளர்த்தால் தத்தெடுக்க மனு போடலாம் என்று சொல்லியிருந்தார்கள். நீ காலண்டரில் ஒவ்வொரு மாதமும் வட்டம் போட்டுக்கொண்டே வந்தாய். பதினேழு வட்டம். இன்னும் ஏழு மாதம் இருந்தது.

குடும்பத்தில் என்ன மாறினாலும் தெரிவிக்க வேண்டும் என்று அந்தக் கடிதத்தில் இருந்ததால், மூன்றாவது வாரம் நானே போன் போட்டுச் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை என்பதுதான் சரி.

புவான் ஹஸ்னா வந்தார். பாப்பாவை முதல் நாள் உன் மடியில் வைத்தாரே, அதே நலத்துறை அம்மா. நீ போன செய்தி கேட்டு அவர் கண் கலங்கியது. எனக்குக் கலங்கவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கோப்பைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டு மலாயில் பேசினார்.

"என்சிக் குணா, இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மனு போடறவர் தனி ஆம்பளையா இருந்து, பிள்ளை பெண் பிள்ளையா இருந்தா, கோர்ட்டு சாதாரணமா தத்து கொடுக்காது."

நான் தலையாட்டினேன். அவர் மேலும் ஏதோ பேசினார். வாய் அசைவது தெரிந்தது. அந்த நேரம் பாப்பா தரையில் உட்கார்ந்து உன் வேலைப் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புரியுதா, என்சிக்?"

"புரியுது."

"சொந்தத்துல வேற யாராச்சும் இருக்காங்களா?"

"இருக்காங்க. மனைவியோட அக்கா. சிம்பாங் ரெங்கத்துல."

அவ்வளவுதான் வசந்தி. அந்த ஒரு பதிலில் முடிந்துவிட்டது. உன் அக்காவும் சகலையும் கல்யாணமானவர்கள், வீடு வாசல் உள்ளவர்கள், இரண்டு பையன்களைப் பெரியவர்களாக வளர்த்துவிட்டவர்கள். காகிதத்தில் அவர்களிடம் ஒரு குறையும் இல்லை. என்னிடம் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் இருந்தது. ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ், ஏழு மணிக்குத்தான் திறக்கிற தாஸ்கா. நடுவில் இருக்கிற அந்த முக்கால் மணி நேரம் பாப்பாவை யாரிடம் விடுவது? ஒரு மாதமாகப் பக்கத்து வீட்டில் விட்டுக்கொண்டிருந்தேன். நைட் ஷிப்டுக்கு லீவு போட்டேன். இந்த ஊரில் பாதிப் பேர் ஷிப்டில் வேலை செய்கிறார்கள். ஆனால் ஷிப்ட் நேரத்துக்குப் பிள்ளை பார்க்கிற இடம் ஒன்று நம் வட்டாரத்தில் கிடையாது. நீ இருந்தவரை நான் இதை யோசித்ததே இல்லை.

அக்காவுக்கு போன் செய்தேன். "கொண்டாங்க தம்பி. நம்ம பிள்ளைதானே" என்றார். இடமாற்றம் முடிவாகும் வரை பிள்ளை அங்கே இருக்கலாம் என்று புவானும் ஒப்புக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹைவேயில் போனோம். பாப்பா பின்சீட்டில் தூங்கிவிட்டாள். தூக்கிக்கொண்டுபோய் அக்கா வீட்டு அறையில் படுக்க வைத்தேன். அக்கா வாசல் வரை வந்து மெதுவாகச் சொன்னார்.

"முழிக்கறதுக்குள்ள கெளம்பிடுங்க தம்பி. பாத்தா விட மாட்டா."

நான் கிளம்பிவிட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதுதான் நான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வந்தது. நீ மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூட, "டீச்சர் இப்ப அந்த ரூமுக்குப் போறேன், அஞ்சு நிமிஷத்துல வருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வாய். உன்னிடமிருந்து நான் அதைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை. அவள் விழித்துப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பாள்? அம்மாவும் இப்படித்தான் ஒரு மத்தியானத் தூக்கத்தில் காணாமல் போனாள். இப்போது அப்பா.

திரும்பி வந்து மறுநாள் வேலைக்குப் போனேன். ஓவர்டைம் கேட்டேன். வால்வுகளை எண்ணி எழுதுவது, பிரஷரைப் பார்த்துக் குறிப்பது, எல்லாம் ஒழுங்காகவே செய்தேன். முதல் வாரம் அவள் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னார். இரண்டாவது வாரம் சாப்பிட்டாள். மூன்றாவது வாரம் அக்காவின் புடவையைப் பிடித்துக்கொண்டு திரிகிறாளாம். நாலாவது வாரம் போனில் முகம் பார்த்துப் பேசினேன். "யாரு பாரு, யாரு பாரு" என்று அக்கா போனைக் காட்டினார். பாப்பா ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பி டிவி பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

அப்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. போனை வைத்துவிட்டுச் சோறு போட்டுச் சாப்பிட்டேன். ஒரு மனிதனுக்கு இப்படியா இருக்கும் என்று கூட்டத்தில் யாரையோ பார்ப்பதுபோல என்னையே பார்த்தேன்.

முப்பத்தொன்பதாவது நாள் புவான் ஹஸ்னா ஆபீசுக்குக் கூப்பிட்டார். பிள்ளையை அக்கா குடும்பத்துக்கு மாற்ற எனக்கு ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை எடுத்தேன். பெயர், அடையாள அட்டை எண், முகவரி எல்லாம் எழுதினேன். கீழே 'காரணம்' என்று ஒரு இடம் இருந்தது. அங்கே கை நின்றுவிட்டது.

"என்ன எழுதறது, புவான்?"

"உங்க காரணம்தான். நான் சொல்லக்கூடாது."

"சட்டப்படி முடியாது, அதான் காரணம்."

அவர் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சட்டப்படி முடியாதுன்னு யார் சொன்னா?"

"நீங்கதான். வீட்டுக்கு வந்தப்ப."

"சாதாரணமா கொடுக்காதுன்னு சொன்னேன். விசேஷக் காரணம் இருந்தா கோர்ட்டு கொடுக்கலாம்னும் சொன்னேனே. பிள்ளை ஏற்கனவே உங்ககிட்ட பதினேழு மாசம் இருந்திருக்கு, அத விசேஷக் காரணமா காட்டலாம், கஷ்டம், ஆனா முடியாததில்ல, யோசிச்சுச் சொல்லுங்கன்னு சொன்னேன். நீங்க புரியுதுன்னு சொன்னீங்க. அப்புறம் சொந்தக்காரங்க பேரைச் சொன்னீங்க. நீங்க முடிவு பண்ணிட்டீங்கன்னு நினைச்சேன்."

நான் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் சொன்னது அதுதான். பாதியைக் கேட்டுவிட்டு ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டேன், வசந்தி.

"சொந்தக்காரங்ககிட்ட இருந்தாலும் பிள்ளை நல்லா இருக்கும்," என்றார் புவான், குரலைத் தாழ்த்தி. "அதுல தப்பில்ல. ஆனா நீங்க வேணாம்னு நினைச்சுக் கொடுக்கறீங்களா, முடியாதுன்னு நினைச்சுக் கொடுக்கறீங்களா? எனக்கு அது தெரியணும்."

பேனாவை மூடி மேசைமேல் வைத்தேன். "எனக்கு வேணும்" என்றேன். அந்தச் சொல்லை நான் கடைசியாக எப்போது சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

இரண்டு நாள் கழித்து சிம்பாங் ரெங்கம் போனேன். அக்காவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று போனில் எதுவும் சொல்லவில்லை. சொன்னதும் அக்கா கையிலிருந்த பாப்பாவின் சட்டையை மடித்துக்கொண்டே இருந்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார்.

"பிள்ளை என்ன சாமானா தம்பி? கொண்டாந்து வெக்கறதுக்கும் தூக்கிட்டு போறதுக்கும்? இப்பத்தான் ராத்திரி அழாம தூங்குது. நேத்து என்னை அம்மான்னு கூப்பிட்டுச்சு."

"தப்புதான்கா."

"தப்புன்னு சொன்னா ஆச்சா? ஆம்பள தனியா எப்படி வளப்பீங்க? நாளைக்கு அது பெரிய மனுசி ஆனா யார் பாத்துக்குவா? நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

"பேசட்டும்கா. நீங்க வந்து பாருங்க. எப்ப வேணும்னாலும் வாங்க."

சகலை அக்கா பக்கம் திரும்பினார். "சரோ, அவரோட பிள்ளைடி" என்று மட்டும் சொன்னார். அக்கா எழுந்து உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை.

பாப்பா சோபாவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். நான் தரையில் உட்கார்ந்தேன். "அப்பா அன்னிக்குச் சொல்லாம போய்ட்டேன். இனிமே சொல்லிட்டுத்தான் போவேன்" என்றேன். இரண்டரை வயதுக்கு என்ன புரியும்? ஓடி வந்து கட்டிக்கொண்டாள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி நடக்கவில்லை. காரில் ஏறும்போது அக்காவைப் பார்த்து அழுதாள், ஆயர் ஹித்தாம் தாண்டி… இல்லை, அது வடக்கே. பார், வழியைக்கூட மாற்றி எழுதுகிறேன். கூலாய் வரும்வரை அழுதாள். அப்புறம் ஒரு மாதம் நான் பாத்ரூம் போனாலும் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பெனியில் கேட்டு ஸ்டோருக்கு மாறிக்கொண்டேன். பகல் வேலை, எட்டிலிருந்து ஐந்து. நீ வேலை செய்த தாஸ்காவிலேயே அவளை மறுபடி சேர்த்தேன். புவான் அடிக்கடி வந்தார், சில நாள் சொல்லாமலே. பிள்ளை எங்கே தூங்குகிறாள், யார் குளிப்பாட்டுவது, வீட்டுக்கு எந்த ஆண்கள் வருவார்கள் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். ஒரு நாள் தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்டார். எனக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. உன் அலமாரியைக் கொட்டித் தேடினேன். அவளுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, செருப்பு எந்த அளவு, ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவையும் நீ தலையிலேயே வைத்திருந்தாய். ஒரு நோட்டு வாங்கி ஒவ்வொன்றாக எழுதக் கற்றேன்.

குளிப்பாட்டும்போது பின்கதவைத் திறந்தே வைக்கத் தொடங்கினேன், பக்கத்து வீட்டுக்குத் தெரியும்படி. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபமா என்று சகலை கேட்டார். கோபம் வரவில்லை. ஆண்கள் செய்த காரியங்களைப் பார்த்துத்தானே அதை எழுதியிருப்பார்கள்? என்னை எழுதச் சொன்னாலும் அப்படித்தான் எழுதுவேனோ என்னவோ. ஆனால் என் மகளுக்குத் தலை துவட்டும்போது கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்கிற ஒருவனாக நான் ஆகிவிட்டேன். அதை யாரிடம் சொல்வது? உன்னிடம் சொல்கிறேன்.

கோர்ட்டில் மூடிய அறைக்குள் விசாரித்தார்கள். நான், புவான், வக்கீல், உன் அக்கா. அக்கா வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என்னோடு மூன்று மாதம் சரியாகப் பேசாமல் இருந்தவர், புவான் கேட்டதும் வருகிறேன் என்று சொன்னாராம். நீதிபதி ஒரு அம்மா. என்னிடம் நிறையக் கேட்டார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"பிள்ளையை உங்களிடம் கொடுத்தால் வளர்ப்பீர்களா?"

"வளப்பேன்மா. இப்பவே கொடுத்தாலும் தூக்கிட்டு போவேன்."

நீதிபதி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி அக்காவைப் பார்த்தார்.

"அப்படியானால் ஏன் இவருக்காகச் சாட்சி சொல்ல வந்தீர்கள்?"

அக்கா முந்தானையைச் சரி செய்துகொண்டார். "என்கிட்ட இருந்தப்ப அது தெனமும் சாயங்காலம் வாசல் கேட்டுல போயி நிக்கும். நான் இவருகிட்ட சொல்லல. சொன்னா வந்து தூக்கிட்டு போயிருவாருன்னு சொல்லல. பதினேழு மாசம் என் தங்கச்சியும் இவருந்தான் அதுக்கு அம்மா அப்பா. ரெண்டுல ஒண்ணு போயிருச்சு. இன்னொண்ணையும் நான் எடுத்துக்கக் கூடாது. மாசத்துக்கு ரெண்டு தடவ நான் வந்து பாத்துக்கறேன். பெரிய மனுசி ஆனாலும் நான் இருக்கேன்."

நீதிபதி எழுதிக்கொண்டே இருந்தார். அன்றே தீர்ப்பு சொல்லவில்லை. அடுத்த தேதியில் விசேஷக் காரணம் இருப்பதாக ஏற்று உத்தரவு கொடுத்தார். அக்காவின் பேச்சும் அதில் ஒரு காரணமாக இருந்தது என்று வக்கீல் சொன்னார். வெளியே கார் நிறுத்துமிடத்தில் அக்கா என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "இளைச்சிட்டீங்க" என்றார்.

பத்திரம் போன வாரம் வந்தது. பதிவு அலுவலகக் கவுண்டரில் வாங்கிப் பார்த்தேன். தகப்பன் பெயர், என் பெயர். தாயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உன் பெயர் இல்லை. நான் கவுண்டரில் இருந்த பெண்ணிடம், "தப்பா அடிச்சிட்டீங்க போல, என் மனைவி பேரு விட்டுப்போச்சு" என்றேன். அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, மனுவில் ஒருவர் பெயர்தான் இருக்கிறது என்றாள். புவானுக்கு போன் போட்டேன்.

"இறந்தவங்க மனு போட முடியாது, என்சிக். அவங்க பேரு வராது. நான் முன்னாலயே சொல்லியிருக்கணும்."

சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா தெரியாது.

உனக்குத்தான் அவள் முதலில் சிரித்தாள். காய்ச்சலில் மூன்று நாள் நீதான் தோளிலேயே போட்டுக்கொண்டு நடந்தாய். அவளைப் பெற்ற பெண்ணின் பெயர் ஒரு பழைய கோப்பில் எங்கோ இருக்கிறது. என் பெயர் பத்திரத்தில் இருக்கிறது. அவளுடைய அம்மா என்று உன் பெயர் இருக்கிற ஒரு காகிதம் இந்த நாட்டில் எங்கேயும் இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருக்கிறேன். வராவிட்டாலும் அவளுக்குத் தலை வாரிவிட வேண்டும், அது நிற்காது.

அப்படி ஒரு காகிதம் இல்லாததால்தான் இதை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். பாப்பாவின் பெயரைப் போடாதீர்கள், நாளைக்கு அவளுக்குத் தொல்லையாக இருக்கும் என்று புவான் சொன்னார். சரிதான், போடவில்லை. அவள் வசந்தியின் மகள். அது மட்டும் அச்சில் வரட்டும்.

இந்தப் பக்கத்தை வெட்டி அவளுடைய பிறப்புப் பத்திரத்தோடு ஒரே உறையில் வைப்பேன். அவள் தானாக வாசிக்கத் தெரிந்த அன்று இரண்டையும் சேர்த்து அவள் கையில் கொடுப்பேன். நாற்பத்தொரு நாளையும் மறைக்க மாட்டேன். அவள் என்ன கேட்டாலும் முழுதாகக் கேட்டுவிட்டுப் பதில் சொல்வேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் புருஷன்,
உன் மகளின் அப்பா,
குணா
பாசிர் கூடாங்